டிக்ளேர் அண்ணை எல்லை கடந்த கதை

சுங்க அதிகாரியைக் கண்டதும் முகம் மலர்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் இருக்கிறார். அவரோடு நான் ஒன்பது வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தேன். நீங்களும் நானும் விமான நிலையத்தில் சீருடையைப் பார்த்தால், ஒரு தப்பும் செய்யாமலேயே, கொஞ்சம் வேகமாக நடப்போம். இவர் நின்றுவிடுவார். பையின் ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, சம்பந்தி வீட்டாரை எதிர்பார்ப்பது போல் காத்திருப்பார். அதிகாரி கண்டுகொள்ளாமல் போய்விட்டால் அன்றைக்கு முழுக்க அவருக்கு மனசு சரியிருக்காது.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று அவருக்கு உண்டு. சம்பளப் பட்டியலில் பார்த்ததாக ஞாபகம். ஆனால் ஆக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் நாங்கள் வேலை பார்த்த கிடங்கில் அவர் டிக்ளேர் அண்ணைதான். கூட வேலை பார்த்த சமோவாக்காரர்களும் அப்படியேதான் கூப்பிட்டார்கள். அண்ணை என்பது குடும்பப் பெயர் என்று அவர்கள் நினைத்திருந்தார்கள். நாங்களும் திருத்தவில்லை.

ஊர் மன்னார். குள்ளமான உருவம், தடித்த மீசை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. கப்பலில் வருகிற கன்டெய்னர்களைத் திறந்து, தாளில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று சரிபார்ப்பது அவர் வேலை. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுபவன். மனுகாவ்வில் படிக்க வந்து, படித்த படிப்புக்கும் கிடைத்த வேலைக்கும் சம்பந்தமில்லாமல் போன திருச்சிக்காரன். அண்ணை என்னை 'நீர்' என்றுதான் சொல்வார். முதல் ஆறு மாதம் ஏதோ ராஜா நாடகத்தில் நடிப்பது போலவே இருந்தது. பிறகு பழகிவிட்டது. இப்போது யாராவது 'நீ' என்றால் கொஞ்சம் மரியாதைக் குறைவாகக்கூடத் தோன்றுகிறது.

அண்ணையின் கொள்கை ஒன்றே ஒன்றுதான். எதையும் யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்கு முன் எழுந்து நிற்பார்.

"எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ. இண்டைக்குக் கருவாடு. மணக்கும். நான் முதலே டிக்ளேர் பண்ணிப்போட்டன். பிறகு ஒருத்தரும் கதைக்கக் கூடாது."

இதையே ஆங்கிலத்திலும் ஒரு தடவை சொல்வார். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் கார் நிறுத்துமிடத்தில் போய்ச் சாப்பிடவும் தயார். ஆட்சேபம் வந்ததே இல்லை. பாதிப் பேர் தட்டோடு வந்து நின்றுவிடுவார்கள்.

எல்லோரும் லீவு வேண்டுமானால் காய்ச்சல் என்பார்கள், பல்வலி என்பார்கள். அண்ணை ஒருநாள் காலையில் மேனேஜருக்கு போன் போட்டு, "எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வரப் பஞ்சியாக் கிடக்கு" என்கிற செய்தியைத் தன் ஆங்கிலத்தில் தெரிவித்தார். பஞ்சி என்றால் அவர்கள் பக்கத்தில் சோம்பல். அந்த மேனேஜருக்கு இருபது வருஷ அனுபவம். அதில் இப்படி ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. லீவு கொடுத்துவிட்டார். மறுநாள் அதையே நான் முயற்சி செய்து பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

மாதம் ஒருமுறை நடக்கும் தமிழ்ப் பூசைக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் கேட்கச் சாமியார் உட்கார்ந்திருப்பார். வரிசையில் அண்ணை நிற்பதைக் கண்டால் பின்னால் வருபவர்கள் மெல்லப் பிரிந்து வெளியே தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள் என்று அவர் மனைவியே சொல்லியிருக்கிறார். அண்ணை போன மாதத்துப் பாவங்களோடு நிறுத்துவதில்லை. வருகிற மாதம் செய்யக்கூடும் என்று சந்தேகப்படுகிற பாவங்களையும் சேர்த்துச் சொல்லிவிடுவார். மச்சான் வருகிறான், அவனோடு கட்டாயம் சண்டை வரும், அதையும் இப்போதே போட்டுக்கொள்ளுங்கோ சாமி என்பாராம்.

காரை விற்கப் பார்த்தார். விளம்பரத்தில் போட்டதோடு திருப்தி இல்லாமல், பார்க்க வந்தவர்கள் கையில் இரண்டு பக்கத்துக்கு ஒரு பட்டியலைக் கொடுத்தார். பிரேக் சத்தம், கதவில் கீறல் இதெல்லாம் முதல் பக்கம். இரண்டாம் பக்கத்தில், பின் இருக்கையின் இடது பக்கம் மகள் சின்ன வயசில் வாந்தி எடுத்த இடம், முன் இருக்கையில் மாமியார் உட்கார்ந்து அவரைத் திட்டிய தேதி. வந்தவர்கள் பட்டியலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். கார் அவரிடமேதான் இருந்தது.

ஆக்லாந்து விமான நிலையத்தில் அவர் கொழும்பிலிருந்து திரும்பி வருகிற காட்சியை நான் நேரில் பார்த்ததில்லை. கேட்டதை வைத்துச் சொல்கிறேன். சாப்பாட்டுச் சாமான்களை மோப்பம் பிடிக்கிற அந்தச் சின்ன நாய் நெருங்குவதற்குள் இவரே பையைத் திறந்து, "பொறு பொறு, காட்டுறன்" என்று நாயிடம் சொல்வாராம். நாய் இவருக்குப் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டது என்றும், தூரத்திலேயே வாலாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடும் என்றும் கிடங்கில் பேசிக்கொள்வார்கள். அது கொஞ்சம் மிகை. ஆனால் நாற்பது சாமான்களுக்குத் தட்டச்சு செய்த பட்டியலோடு அவர் வருவது மிகையில்லை.

இந்த மனிதர் ஏன் இப்படி என்று எனக்குத் தெரிந்தது ஒரு தேநீர் இடைவேளையில்தான். சாப்பாட்டு அறைச் சுவரில் கப்பல் கம்பெனி கொடுத்த உலகப் படம் ஒன்று தொங்கும். அதன் முன்னால் நின்று பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் எப்பவாவது ஒரு நாட்டிலையிருந்து இன்னொரு நாட்டுக்கு நடந்து போயிருக்கிறீரோ?"

"நடந்தா? இல்ல அண்ணே. திருச்சியிலருந்து பாலக்காட்டுக்கு பஸ்ல போயிருக்கேன்."

"அது மாநிலம். அதை விடும். நான் ஆறு எல்லை கடந்தனான். ஒண்டையும் கண்ணாலை காணேல்லை."

"எப்படிண்ணே?"

"சண்டைக்குத் தப்பி ஓடேக்கை. லொறிக்குப் பின்னாலை. முதல் நாட்டுக்கை வெங்காயமாப் போனன். மூட்டையளுக்கு நடுவிலை. அடுத்ததுக்குக் குளியலறை ஓடு. அங்காலை ஒரு இடத்திலை குதிரை."

"குதிரையா?"

"குதிரைக்குப் பின்னாலை, தம்பி. வைக்கோலுக்குள்ளை. நல்ல குதிரை. உதைக்கேல்லை."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பிஸ்கட் தேநீருக்குள் உடைந்து விழுந்ததையும் கவனிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாஸ்போட் எப்பவும் ஏஜென்ட்டின்ரை பைக்குள்ளை. அதிலை என்ன பேர் எண்டும் எனக்குத் தெரியாது. ஒருக்கால் எண்டாலும் பட்டப்பகலிலை, நிமிர்ந்து, என்ரை பாஸ்போட்டை என்ரை கையிலை வைச்சுக்கொண்டு, முன்வாசலாலை நடந்து போகவேணும். போய், இந்தா நான் வந்திட்டன் எண்டு சொல்லவேணும். அவ்வளவுதான். எனக்கு வேறை ஆசை ஒண்டும் இல்லை."

நியூசிலாந்தில் இந்த ஆசைக்கு வழியே இல்லை. எந்தப் பக்கம் நடந்தாலும் கடல்தான் வரும். பிறந்ததும் தீவு, பிழைக்க வந்ததும் தீவு. விமானத்தில் போய் இறங்கி முத்திரை வாங்குவதெல்லாம் கணக்கில் வராது என்று அண்ணை திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். அது படியில் ஏறி மாடிக்குப் போவது போலவாம். தரையில் கோடு இருக்க வேண்டும், அதைக் கால் தாண்ட வேண்டும்.

வழி கண்டுபிடித்தவன் நான். அந்தப் பெருமையை விட்டுக்கொடுக்க மாட்டேன். வியட்நாமின் தென்மேற்குக் கோடியில் ஹா தியென் என்று ஓர் ஊர். அங்கிருந்து தரை வழியாக எல்லையைக் கடந்தால் கொஞ்ச நேரத்தில் கம்போடியாவில் கெப் என்கிற கடற்கரை ஊர். முதுகில் பையை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் அப்படித்தான் போகிறார்கள். இதை ஒரு வீடியோவில் பார்த்தேன். அதில் கடலுக்குள்ளிருந்து கூடை கூடையாக நண்டு எடுத்து, பச்சை மிளகுக் கொத்தோடு அங்கேயே வதக்கித் தந்தார்கள். எனக்கு நண்டு தெரிந்தது. அண்ணைக்கு எல்லை தெரிந்தது. இருவரும் லீவு எழுதிக் கொடுத்தோம்.

அண்ணையின் மனைவி ஒடாஹுஹுவில் அவர்கள் வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டு மீன் ரோல்ஸ் பொரித்துக் கொடுத்தார். பிறகு நிபந்தனையைச் சொன்னார்.

"தம்பி, இவரைத் தனிய விட்டால், அவங்கள் கேக்காத கேள்விக்கெல்லாம் பதில் சொல்லுவார். பிடிச்சு உள்ளுக்கை வைச்சிடுவாங்கள். நீங்கள் பக்கத்திலை நிண்டு வாயைப் பொத்தவேணும்."

"சரிக்கா. நான் பாத்துக்கறேன்."

"அவரை விட்டிட்டு வந்திடாதேங்கோ, என்ன?"

அண்ணை மனுகாவ்வில் அறுபது லிட்டர் பை ஒன்று வாங்கினார். சூட்கேஸ் வேண்டாம் என்பதற்கு அவர் சொன்ன காரணம், அதை உருட்ட ஒரு கை வேண்டும், தனக்கு இரண்டு கையும் பாஸ்போர்ட்டுக்கு வேண்டும். உள்ளே இருப்பவற்றுக்குப் பட்டியல் தயாரித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, பைக்கு வெளியே கட்டித் தொங்கவிட்டார். பதினேழாவது சாமான் யாழ்ப்பாணத்துக் கறித்தூள். இருபத்திரண்டாவது, கால் ஆணிக்குப் போடுகிற பிளாஸ்டர்.

அடுத்தது பூட்ஸ். நியூசிலாந்துக்குள் வருகிறவர்கள் பூட்ஸில் மண் இல்லாமல் வர வேண்டும் என்பது இங்கே சட்டம். இங்கே இருந்து இருந்து அண்ணைக்கு அது உலகச் சட்டமாகிவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பள்ளமாகத் தேய்த்துக் கழுவியிருந்தார். அந்த அடிப்பாகத்தில் நீங்கள் இட்லி வைத்துச் சாப்பிடலாம்.

வியட்நாம் விமான நிலையத்தில் இறங்கியதும் சாமான் காட்டுகிற வரிசை எங்கே என்று தேடிப் போனார். அங்கே ஒருவர் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணை பட்டியலை நீட்டினார். அந்த ஆள் தலையைத் தூக்காமல் போ போ என்று கையைக் காட்டினார். அண்ணை ஒரு காலைத் தூக்கி பூட்ஸைக் காட்டினார். அதற்கும் போ போ. நான் பையின் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"என்ன நாடு தம்பி இது? ஒரு மனுசன் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கழுவிக்கொண்டு வந்திருக்கிறன்."

ஹா தியெனுக்குப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் காலையில் வேன். தங்கியிருந்த விடுதி வாசலில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலைந்து பேர் கை வைக்காத பனியனும் ரப்பர் செருப்புமாக நின்றார்கள். அண்ணை இறங்கி வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கை வெள்ளைச் சட்டை. கழுத்தில் மெரூன் நிற டை. முதுகில் அறுபது லிட்டர். இரண்டு கைகளாலும் நெஞ்சோடு பிடித்த பாஸ்போர்ட். கிட்டாரோடு நின்ற உயரமான டச்சுப் பெண் ஒருத்தி வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். யாரோ தூதரக ஆள் என்று நினைத்திருக்க வேண்டும்.

"என்னண்ணே, டை எல்லாம்?"

"முதல் தரம் போறன் தம்பி."

எல்லைக்குச் சற்று முன்னால் ஒரு தேநீர்க் கடையில் வேன் நின்றது. கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்தார். கையில் மஞ்சள் பிளாஸ்டிக் பை. வேன் கம்பெனியின் ஆள். எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவரே முன்னால் போய் வரிசையில் நிற்பாராம். நாங்கள் வேனுக்குள் இருந்தால் போதும், கூப்பிடும்போது மட்டும் இறங்கி முகத்தைக் காட்டினால் போதும். பயணிகளின் வசதிக்காக அந்தக் கம்பெனி செய்துவைத்திருந்த ஏற்பாடு. பிள்ளைகள் பாட்டைக் கேட்டபடியே பாஸ்போர்ட்டைப் பையில் போட்டார்கள். நானும் போட்டேன்.

அண்ணையின் கை திறக்கவில்லை.

"தம்பி, பைக்குள்ளை போடச் சொல்லுறான்."

"ஆமாண்ணே. எல்லாருமே போடுறாங்க."

"நான் நடந்து போறனே. நான் நடக்கத்தானே வந்தனான்."

"கெப்ல போய் பீச்ல நல்லா நடங்க. மணி பத்தாகப் போகுது. லேட்டாப் போனா நண்டெல்லாம் தீந்துடும். குடுங்கண்ணே, எல்லாரும் வெயிட் பண்றாங்க பாருங்க. உங்களால எப்பவும் லேட்டு."

இதைச் சொன்னது நான்தான். எனக்கு அப்போது வெயில் தலையில் ஏறியிருந்தது, முந்தின நாள் பஸ்ஸில் இடுப்பு பிடித்திருந்தது, காலையில் சாப்பிடவில்லை. சாக்குகள் என்னிடம் எப்போதும் நிறைய உண்டு. முதல் சாக்கே போதும் என்று அன்றைக்குத் தோன்றியது.

அண்ணை என்னைப் பார்த்தார். பிறகு பாஸ்போர்ட்டைப் பையில் போட்டார்.  வேனில் ஏறி, பைகள் அடுக்கியிருந்த கடைசி வரிசைக்குப் போனார். மோட்டார் சைக்கிள் முன்னால் போக, வேன் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. தூரத்தில் எல்லை வாசல் தெரிந்தது. அதைக் காட்டலாம் என்று திரும்பினேன். கடைசி வரிசையில் அண்ணையைக் காணவில்லை.

எழுந்து எட்டிப் பார்த்தேன். பைகளுக்கு நடுவே, முழங்காலை நெஞ்சோடு சேர்த்து, தலையை ஜன்னலுக்குக் கீழே இறக்கி, சுருண்டு கிடந்தார். மெரூன் டை தரையில் புரண்டது.

"அண்ணே, என்ன பண்றீங்க?"

"தெரியேல்லை தம்பி," என்றார். ரகசியம் பேசுகிற குரல். "உடம்பு தானாக் குனிஞ்சிட்டுது."

எனக்கு என் மேலேயே அருவருப்பாக வந்தது. ஆறு எல்லைகளை எப்படிக் கடந்தார் என்று பிஸ்கட் தின்றுகொண்டே கேட்டுச் சிரித்தவன் நான். ஏழாவதையும் அப்படியே கடக்க வைத்துக்கொண்டிருக்கிறேன், ஒரு தட்டு நண்டுக்காக. அவர் வேர்த்து வழிந்தார். பயணம் ஒத்துக்கொள்ளாத ஆள் வேர்ப்பது போல இல்லை. கன்னத்தை ஒரு பையோடு அழுத்திக்கொண்டு, மூச்சுச் சத்தம் கேட்காமல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

"நிறுத்துய்யா வண்டிய!"

டிரைவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அன்றைக்குப் புரிந்தது. பிரேக் போட்ட வேகத்தில் கிட்டார் ஒன்று தானாக ஒரு சுரம் வாசித்தது. கதவைத் திறந்து குதித்து மோட்டார் சைக்கிளின் பின்னால் ஓடினேன். ஃபோர்க்லிஃப்ட்டில் உட்கார்ந்தே வளர்ந்த தொப்பை எனக்கு. பாதித் தூரத்தில் செருப்பு ஒன்று அறுந்தது. இன்னொன்றை நானே உதறினேன். தார் ரோடு சுட்டது. கட்டம் போட்ட சட்டைக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வாசலை நோக்கி நடந்தபோது போய்ப் பிடித்தேன்.

மூச்சு வாங்கியதில் ஆங்கிலம் முழுசாக வரவில்லை. அந்த மனிதர் நடக்க வேண்டும், அவர் பாஸ்போர்ட் அவர் கையில் இருக்க வேண்டும் என்பதை விரலால் நடந்து காட்டி விளக்கினேன். ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். பிரச்சினை எதுவும் இல்லை, ஆசை என்றேன். ஆசைக்கு என்ன சைகை என்று தெரியாமல் நெஞ்சில் இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். அவர் பயந்துபோய்ப் பையைத் திறந்தார். எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, தன் தண்ணீர்ப் போத்தலையும் கையில் கொடுத்தார். நல்ல மனிதர். இன்னும் கொஞ்சம் கேட்டிருந்தால் மோட்டார் சைக்கிளையும் கொடுத்திருப்பார்.

திரும்பி வந்து அண்ணையை எழுப்பி, பையை முதுகில் மாட்டி, டையைத் தட்டி நேராக்கிவிட்டேன். பாஸ்போர்ட்டைக் கையில் வைத்தேன்.

"நடங்கண்ணே."

வியட்நாம் பக்கத்தில் வெளியேறுகிற முத்திரை வாங்கியாயிற்று. அடுத்த வாசல் வரைக்கும் இடையில் ஒரு துண்டு ரோடு. இரண்டு பக்கமும் புல். அண்ணை நடு ரோட்டில் நின்றார்.

"தம்பி, இப்ப நாங்கள் எந்த நாட்டிலை நிக்கிறம்?"

"எதுலயும் இல்லண்ணே."

"ஆரும் ஏதும் கேப்பினமோ?"

"கேக்க ஆளே இல்ல."

என் கையைப் பிடித்துக்கொண்டார். வேர்த்து ஈரமாக இருந்தது. சின்னச் சின்ன அடியாக, ஒவ்வோர் அடியையும் பார்த்துப் பார்த்து வைத்தார். அப்போது ஒரு பசுவும் கன்றும் புல்லிலிருந்து ஏறி, எங்களைத் தாண்டி, எந்தத் தாளும் இல்லாமல் கம்போடியாவுக்குள் போயின. அண்ணை அதிர்ச்சியோடு பார்த்தார். "காலைக்கூடக் கழுவேல்லை, பாரும்" என்றார். அவருக்கு உயிர் திரும்பிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது.

கம்போடியா வாசலில் முதலில் உடல்நலம் கேட்கிற மேசை. காய்ச்சல் இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்டார்கள். அண்ணை தன் கொலஸ்ட்ரால், முழங்கால், தகப்பனாருக்கு இருந்த சர்க்கரை வரை சொன்னார். வாயைப் பொத்துவதாக அக்காவிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். அன்றைக்குப் பொத்தவில்லை. இஷ்டப்படி பேசட்டும் என்று விட்டுவிட்டேன். கைரேகைக்கு நாலு விரலை வைக்கச் சொன்ன இடத்தில் பத்து விரலையும் வைத்தார். பட்டியலைக் கொடுத்தார். அங்கே உட்கார்ந்திருந்த இளவயது அதிகாரி அதை உண்மையிலேயே வாங்கிப் படித்தார். பதினேழில் விரலை வைத்து என்ன என்று கேட்டார். அண்ணையின் வாழ்நாளில் ஓர் அதிகாரி தானாகக் கேட்ட முதல் கேள்வி அது. பொட்டலத்தைத் திறந்து காட்டினார். அதிகாரி மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து, நாலு தும்மல் போட்டு, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

முத்திரைக் கட்டையை எடுத்தபோது அண்ணை கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"ஸ்லோலி, ப்ளீஸ்."

அந்தப் பையனுக்கு என்ன புரிந்ததோ தெரியாது. கட்டையை மெதுவாக இறக்கி, அழுத்தி, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்து, மெதுவாக எடுத்தார். மை காயட்டும் என்று ஊதியும் கொடுத்தார். "வெல்கம்" என்றார். அண்ணை டையைச் சரிசெய்துகொண்டு, தலையை நிமிர்த்தி, அந்தக் கூரையைத் தாண்டி வெயிலுக்குள் போனார்.

வேன் எங்களுக்காக அரைமணி நேரம் காத்திருந்தது. பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டு நின்றார்கள். என்ன நடந்தது என்று அந்த டச்சுப் பெண் கேட்டாள். அண்ணை, "சாரி. பிஃபோர், ஐ வாஸ் ஆனியன்" என்றார். மீதியை நான் சொன்னேன். லாரியை, மூட்டையை, ஏஜென்ட்டை.  முன் இருக்கையில் இருந்த தன் கிட்டாரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணை முன் இருக்கையில், கண்ணாடி வழியாக ரோடு முழுவதும் தெரிய, கெப் வரைக்கும் வந்தார்.

நண்டு தீரவில்லை. கடல் மேல் கால் ஊன்றி நிற்கிற ஒரு மரக் கொட்டகையில் உட்கார்ந்தோம். பச்சை மிளகோடு நண்டு வந்தது. கீழே பெண்கள் அலைக்குள் இறங்கிக் கூடைகளை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணை சாப்பிடாமல் அக்காவுக்கு போன் போட்டு, நானும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தார்.

"என்னப்பா, போய்ச் சேந்தாச்சோ?"

"ஓம். நடந்து வந்தன். என்ரை பாஸ்போட் என்ரை கையிலை."

 "ஒருத்தரும் கத்தேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"இல்லையப்பா. வெல்கம் எண்டு சொன்னவன். ஊதித் தந்தவன்."

அக்கா அழுகிற சத்தம் கேட்டது. அண்ணை கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு நண்டுக் காலை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"இடையிலை ஒருத்தன் பாஸ்போட்டை வாங்கிக்கொண்டு போயிட்டான். தம்பிதான் வானை நிப்பாட்டி, வெறுங்காலோடை ஓடிப்போய் வாங்கித் தந்தவர். தம்பி இல்லாட்டி நான் நடந்திருக்க ஏலாது."

நான் மீதிக்காகக் காத்திருந்தேன். இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அக்காவிடம் விடைபெற்றார். போனை வைத்தார். தட்டில் இருந்ததிலேயே பெரிய நண்டை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"சாப்பிடும் தம்பி. ஆறப்போகுது."

திரும்பி வந்து அந்தக் கதையைக் கிடங்கு முழுக்கச் சொன்னார். சமோவாக்காரர்களுக்குச் சொன்னார், சாமியாருக்குச் சொன்னார், பால் வாங்கப் போன மூலைக்கடையில் ஃபிஜிக்காரருக்கும் சொன்னார். ஒவ்வொரு தடவையும் வேனை நிறுத்திய தம்பி வந்தான். நான் ஓடிய தூரம் கூடிக்கொண்டே போனது. இன்னொரு தம்பி ஒரு தடவையும் வரவில்லை. நான் பக்கத்தில் நின்றபோதும் வரவில்லை, இல்லாதபோதும் வரவில்லை என்று அக்கா மூலம் உறுதி செய்துகொண்டேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் மகளோடு இருக்கலாம் என்று இருவரும் மெல்போர்ன் போய்விட்டார்கள். நான் இதை எழுதுகிற இந்தப் பத்திரிகை அங்கேயும் கிடைக்கிறதாம். அண்ணை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிக்கிற ஆள்.

அண்ணே, அன்னைக்கு அந்த மஞ்சப் பையில உங்க பாஸ்போர்ட்டைப் போட வச்சவன் நான்தான். நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. அதான் நான் சொல்றேன்.